ஆஸ்த்ரித்துக்குக் காட்டிய இடம்

எங்கள் சவக்காலைக்கு இப்போது கைத்தொலைபேசியில் வரைபடம் வந்துவிட்டது. இறந்தவரின் பெயரை எழுதினால் ஒரு நீலப் புள்ளி நம்மைக் கூட்டிக்கொண்டு போய்ச் சரியான கல்லுக்கு முன்னால் நிறுத்துகிறது. நான் ஓய்வுபெற்றுச் சில காலமாகிறது என்றாலும் போன மாதம் கூப்பிட்டுக் காட்டினார்கள். "இனி ஒருத்தரும் தேடி அலையத் தேவையில்லை" என்று புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் பெண் பெருமையோடு சொன்னாள். நல்ல விஷயம்தான். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அதே கிழமை உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தாரும் தங்கள் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உறைந்த நிலத்தை எப்படித் தோண்டுவது, பழைய கருவிகள் என்னென்ன, இவைதான் அவர்களுக்கு வேண்டும். நோர்வே மொழியான நொர்ஸ்க்கில் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் திருத்தித் திருத்திக் கடைசியில் என் சொந்தச் சொல் நாலோ ஐந்தோதான் அதில் மிஞ்சியிருக்கும். அங்கே எழுத முடியாமல் போனதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நோர்வேக்கு வந்த கதையை நீட்ட விரும்பவில்லை. எல்லாரையும்போல ஒரு வருடம் கல்லூரி, பிறகு வடக்கே மீன் தொழிற்சாலை, பிறகு ஒஸ்லோவில் படிக்கட்டு துடைப்பு. எல்லிங்ஸ்ருட்டில் ஒரு மாடிவீட்டுக்குக் குடிவந்த காலத்தில் வேலை அலுவலகம் என்னை நகரின் கிழக்கு ஓரத்தில் இருந்த ஒரு பழைய பங்குத் தேவாலயத்தின் சவக்காலைக்கு அனுப்பியது. தோட்ட வேலை என்றுதான் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் கையில் மண்வெட்டியும் முன்னால் குழியும்.

எங்கள் ஊர்ப் பழைய காணி உறுதிப் பத்திரங்களில் ஊரின் பெயருக்குப் பக்கத்தில் கோயிற்பற்று என்று ஒரு சொல் வரும். ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்கள், அதாவது பங்கு என்பதன் பழைய பெயர் அது. உறுதியில் வாசித்த அந்தச் சொல் என்னவென்று எனக்கு விளங்கியது ஒஸ்லோவில்தான். இன்று மாடிவீடுகளும் சுரங்க ரயிலும் உள்ள அந்தப் பக்கமெல்லாம் ஒரு நூற்றாண்டுக்கு முன் பண்ணைகள். பிறந்தால், கட்டினால், செத்தால் எல்லாரும் இந்த ஒரு கல் தேவாலயத்துக்குத்தான் வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பண்ணைகள் போய்விட்டன. பண்ணைக்காரர்கள் மட்டும் வரிசை வரிசையாக எங்கள் சவக்காலையில் இருந்தார்கள்.

நம்முடைய ஆட்களின் கொண்டாட்டங்களில் என்ன வேலை என்று கேட்டால் தேவாலயத்தில் வேலை என்பேன். "மதம் மாறிட்டீரோ?" என்று உடனே கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் கை குடுத்தவர் கையைத் துடைப்பார். சவக்காலை அண்ணை என்ற பெயர் நகரின் தெற்கே ஹொல்ம்லியா வரை பரவியிருந்தது. வீட்டிலும் வரவேற்பு அப்படித்தான். வேலையிடத்தில் குளித்துவிட்டுத்தான் வருவேன். என் மனைவி மாலாவுக்கு அது கணக்கில்லை. கதவைத் திறந்ததும் கை நேராகக் குளியலறையைக் காட்டும். "செத்தவீட்டுத் துடக்கோட வீட்டுக்குள்ள வராதேங்கோ. தலைக்கும் தண்ணி வாருங்கோ" என்பாள். தை மாதக் குளிரில் ஒரு நாளில் இரண்டு தரம் தலைமுழுகிய ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

வேலையில் எனக்கு மேலே இருந்தவர் ஹல்வோர். அவருடைய தகப்பனும் அதே சவக்காலையில் குழி வெட்டியவர். ஆள் நெடுவல், வாய் திறக்கமாட்டார். ஒரு கேள்வி கேட்டால், கோப்பையில் கோப்பி இருந்தால் அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் வரும். அடக்கம் உள்ள நாட்களில் வேலை உடுப்புக்கு உள்ளே கழுத்துப் பட்டி கட்டியிருப்பார். வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஏன் கட்டுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "செத்தவர் எங்களுக்குத் தெரிஞ்ச ஆள்" என்றார். எல்லாச் சாவுக்கும் அதே பதில்தான். (அவர்கள் பேசியது நொர்ஸ்க். என் காதுக்குள் போனதும் அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். அப்படியே எழுதுகிறேன்.)

குழி வெட்டுவதை அவர் செய்த விதம் இதுதான். முதலில் புல்லைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி நிழலில் வைப்பார். மண்ணைப் பலகை மேல் கொட்டுவார், பக்கத்துக் கல்லறை மேல் ஒரு பிடி விழக்கூடாது. குளிர்காலம் என்றால் முந்தின நாளே ஓர் இரும்புக் கூண்டைக் கவிழ்த்து உள்ளே எரிவாயுவால் சூடேற்றி நிலத்தை இளக்க வேண்டும். இயந்திரம் தோண்டி முடித்த பிறகு ஏணி வைத்து உள்ளே இறங்கி, நாலு சுவரையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். பிறகு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்துச் சிறு கொப்புகளைச் சுவர் முழுக்கச் செருகுவார். குனிந்து பார்க்கிற பிள்ளைகளின் கண்ணில் மண் படாமல் பச்சை மட்டும் தெரியவேண்டும் என்பதற்காக.

எல்லாவற்றையும்விடக் கண்டிப்பான விதி ஒன்று இருந்தது. பாதிரியார் சிறு கரண்டியால் மூன்று தரம் மண் போட்டு முடிந்து, உறவினர் கலையும்வரை நாங்கள் வேலிச் செடிக்குப் பின்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கவேண்டும். கடைசி ஆள் படலையைத் தாண்டும்வரை மண்வெட்டியில் கை வைக்கக்கூடாது. ஒருமுறை கிழவர் ஒருவர் மனைவியின் குழிக்குப் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டார். பனி கொட்டியது. எனக்குக் காது விறைத்துப் போனது. ஹல்வோர் அசையவில்லை. "அவர் போகட்டும்" என்றார், அவ்வளவுதான். அந்த மனிதரில் எனக்கு அன்று வந்த மரியாதை கடைசிவரை குறையவில்லை.

இந்த நாட்டில் கல்லறை குத்தகைக்குத்தான். சில காலம் காசில்லாமல் விடுவார்கள், பிறகு குடும்பம் காசு கட்டிப் புதுப்பிக்கவேண்டும். ஒருவரும் வராவிட்டால் கல்லைத் தூக்கிவிட்டு, காலம் போக இன்னொருவரை அங்கே வைப்பார்கள். சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருகிற சனம் நாங்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படவேயில்லை, ஆஸ்த்ரித்தைத் தெரிந்துகொள்ளும்வரை.

ஆஸ்த்ரித் எண்பதைத் தாண்டிய ஒரு மெலிந்த பெண்மணி. எல்லா ஞாயிறும் தண்ணீர் வாளியோடு வருவார். இரண்டு பழைய கல்லறைகளுக்குப் பூ வைப்பார். ஒன்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருடையது. மற்றது நீல்ஸ் என்ற பண்ணைக் கூலியாளுடையது, குடும்பம் இல்லாத மனிதர், அவர் வேலை செய்த பண்ணையின் வாரிசுகள்தான் குத்தகையைக் கட்டிவந்தார்கள். இரண்டு பேருமே அவருக்கு உறவில்லை. கிறுக்கு என்று சிலர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

கதையை எனக்குக் கொண்டுவந்தவள் மாலா. ஒருநாள் வீட்டுத் திறப்பை மறந்துவிட்டு என்னிடம் வாங்க வந்தவள், வழக்கம்போலப் படலைக்கு வெளியே நின்றாள். அங்கேயிருந்த மரவாங்கில் ஆஸ்த்ரித் குந்தியிருந்தார். மாலாவின் அரைகுறை நொர்ஸ்க்கும் கிழவியின் மெதுவான பேச்சும் எப்படியோ பொருந்திவிட்டன. எங்கே இருக்கிறாய் என்று கிழவி கேட்க, இவள் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் மாடிவீடு நிற்கிற தெருவைச் சொல்லியிருக்கிறாள். "உங்கட கார் விடுற இடத்திலதான் எங்கட மாட்டுத்தொழுவம் இருந்தது" என்று ஆஸ்த்ரித் சிரித்தாராம். பதினெட்டு வயதில் அங்கே பால் கறக்க வந்தவர்.

அன்று நான் திரும்பியபோது மாலா என்னைக் குளிக்கச் சொல்லவில்லை. கதவிலேயே நின்று சொல்லத் தொடங்கினாள்.

இருபது வயதுகளில், பண்ணையில் வேலை செய்த காலத்தில், ஆஸ்த்ரித்துக்குக் கல்யாணம் இல்லாமல் ஒரு பிள்ளை. செத்துப் பிறந்தது. ஞானஸ்நானம் பெறாத அப்படிப்பட்ட குழந்தைக்கு அந்தக் காலத்தில் தனிக் குழியும் இல்லை, கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அடக்கத்துக்குக் காத்திருக்கிற யாரோ ஒரு பெரிய ஆளின் பெட்டிக்குள், கைப்பக்கமாக வைத்து அனுப்பிவிடுவார்கள். எந்தப் பெட்டி என்று தாய்க்குச் சொல்வதில்லை. மறந்துவிட்டுப் பிழைக்கட்டும் என்பது பாதிரியாரின் எண்ணம். அந்தக் குளிர்காலத்தில் நிலம் பாறையாக இறுகிப்போய் ஒருவரையும் புதைக்க முடியவில்லை. பெட்டிகள் மணிக்கூண்டுக்குப் பக்கத்துக் கொட்டிலில் காத்திருந்தன. நான்கு பெட்டிகள். நிலம் இளகியதும் ஒரே நாளில் நான்கையும் புதைத்தார்கள். படலையிலிருந்து தேவாலய வாசல்வரை நறுக்கிய பச்சைக் கொப்புகளைப் பரப்பியிருந்தார்களாம். பங்கு முழுதும் வண்டி கட்டிக்கொண்டு போனது. ஆஸ்த்ரித்தை விடவில்லை. தொழுவத்துக்குள் மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு மணிச்சத்தத்தைக் கேட்டிருக்கிறார்.

"நாலு பேரில ஆரிட்டையோ தன்ர பிள்ளை இருக்காம். அதுதான் அவ நாலு பேருக்கும் பூ வைச்சுக்கொண்டு வந்திருக்கிறா. ரெண்டு கல்லை எடுத்துப்போட்டாங்களாம். இப்ப ரெண்டுதான் மிச்சம்" என்றாள் மாலா.

"தேவாலயத்தில கேக்க வேண்டியதுதானே?"

"பதிவில ஒண்டும் இல்லையாம். ஹல்வோருக்குத் தெரிஞ்சிருக்கும், அவரின்ர அப்பாதான் பெட்டிக்குள்ள வைச்சவர். ஆனா கேக்கப் பயமாம். தெரியாதெண்டு சொல்லிப்போட்டார் எண்டா இருக்கிற ரெண்டும் இல்லாமப் போயிடும் எண்டிறா."

அவள் ஏன் இப்படி மூச்சு முட்டச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். எங்களுக்கும் ஒன்று இருந்தது. நான் ஊருக்கு வந்து கல்யாணம் கட்டிவிட்டு நோர்வே மீன் தொழிற்சாலைக்குத் திரும்பியிருக்க, மாலா போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நேரம் எங்கள் முதல் பிள்ளை பிறந்து அன்றே போய்விட்டது. அவளுடைய தமையன் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனவர், வெறுங்கையோடு திரும்பினார். எங்கே என்று கேட்டதற்கு, "அதை விடு பிள்ளை" என்றாராம். கொஞ்ச நாளில் அவரும் ஷெல்லில் போய்விட்டார். எனக்கு அந்தப் பிள்ளையின் முகமே தெரியாது. மாலாவுக்குத் தெரியும். அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. பிறகு ஒஸ்லோவில் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், அந்தச் சத்தத்தில் வீடு நிறைந்திருந்தது.

அதற்குப் பிறகு மாலா ஞாயிறுகளில் படலைக்கு உள்ளேயே வரத் தொடங்கினாள். கிழவியின் வாளியை அவள்தான் தூக்குவாள். துடக்கு எங்கே போனது என்று நான் வாயைக் கொடுக்கவில்லை. ஆனால் என்னை அவள் விடவில்லை. "ஹல்வோரிட்டைக் கேளுங்கோ. அவவுக்குச் சொல்லவேண்டாம், நீங்கள் கேளுங்கோ" என்று நச்சரித்தாள். ஒருநாள் கோப்பி நேரத்தில் கேட்டேவிட்டேன். ஹல்வோர் கோப்பியைக் குடித்து முடித்தார். நான் காத்திருந்தேன். கோப்பையைக் கழுவினார், துடைத்தார், ஆணியில் மாட்டினார். "தெற்குப் பக்கத்துப் புல்லை வெட்டவேணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மனுசனுக்குத் தெரியும், சொல்லமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த இலையுதிர் காலத்தில் வாத்தியாரின் குடும்பம் குத்தகையை விட்டுவிட்டது. தூரத்தே துரொண்ட்ஹெய்ம் நகரில் இருந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கல்லால் ஆவது ஒன்றுமில்லை. கல்லை எடுக்கும் வேலை எங்களிடம் வந்தது. ஹல்வோர் அதை ஞாயிறுக்கு முன்னால் முடித்துவிடப் பார்த்தார். எப்படியோ செய்தி போய்விட்டது. நாங்கள் கல்லைச் சுற்றிப் பட்டி போட்டு இயந்திரத்தில் கொளுவும்போது ஆஸ்த்ரித் வந்து நின்றார். கையில் ஊதாப் பூச்செடி ஒன்று. பின்னால் மாலா.

நான் இயந்திரத்தை நிறுத்தினேன். கிழவி கல்லைப் பார்த்தார், பிறகு ஹல்வோரைப் பார்த்தார். அறுபது வருடத்துக்கு மேலாகக் கேட்கப் பயந்ததைக் கேட்கப் போகிறார் என்று எங்கள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. இந்தக் கல் போய், பிள்ளை இதற்குக் கீழேதான் இருந்தது என்றால், அவர் இனி வருவதற்கு இடமே இல்லை.

"ஹல்வோர், இதிலயோ?"

ஹல்வோர் தொப்பியைக் கழற்றினார். எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லாத மனிதர் அன்று மூச்சு விடும் நேரம்கூட எடுக்கவில்லை.

"இல்லை. நீல்ஸோட. இடது கைப்பக்கம். அப்பா சொன்னவர்."

"துணியில சுத்தினதோ?"

"வெள்ளைத் துணியில."

"நீல்ஸ் நல்ல மனுசனோ?"

"குதிரை பாத்தவர். குதிரையளோட சத்தம் போட்டுக் கதைக்கமாட்டாராம்."

ஆஸ்த்ரித் அந்த ஈரப் புல்லில் அப்படியே குந்திவிட்டார். அழுதாரா சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. "பெட்டைப்பிள்ளை" என்றார் மாலாவைப் பார்த்து. அதுவரை அதை ஒருவருக்கும் அவர் சொன்னதில்லை. மாலா பக்கத்தில் இருந்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

நீல்ஸின் கல்லறைக்கு ஆஸ்த்ரித் தன்னைப் பொறுப்பாளராகப் பதிந்துகொண்டார். பெயர் இல்லாத ஒரு சிறு தட்டைக் கல்லைக் கொண்டுவந்து இடது பக்கமாகப் பதித்தார். தான் போனாலும் அங்கேதான் வைக்கவேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு அவர் அங்கே நின்ற விதமே வேறு. முந்தி இரண்டு கல்லுக்கும் நடுவில் பாதையிலேயே நிற்பவர், இப்போது குந்தியிருந்து அந்தச் சிறு கல்லோடு கதைப்பார். அப்படி அவருக்கு ஒரு கோடையும் இன்னொரு கோடையும் கிடைத்தன. ஒரு மாசி மாதத்தில் போய்விட்டார்.

நிலம் இரும்பாக இருந்தது. கூண்டு வைத்து இளக்கிய பிறகு, இயந்திரம் வேண்டாம் என்று ஹல்வோர் சொல்லிவிட்டார். ஓய்வுபெறும் வயதில் அந்த மனிதர் கையாலேயே வெட்டினார். நான் மண்ணை வாங்கி மேலே போட்டேன். பழைய பெட்டி எப்போதோ மண்ணாகியிருந்தது, நாங்கள் அந்த ஆழத்துக்கு இறங்கவும் இல்லை. சுவர் நாலையும் தடவிப் பார்த்தார், கொப்பு செருகினார். இடது பக்கச் சுவருக்கு மட்டும் இன்னொரு அடுக்கு வைத்தார்.

வந்தது கொஞ்சப் பேர். சகோதரியின் மகன் ஒருவர், வீட்டுக்கு வந்து பார்த்த தாதிமார் இருவர், மாலா. பெண்கள் சுடலைக்குப் போகாத ஊரில் பிறந்தவள் குழியின் விளிம்பில் நின்றாள். எல்லாரும் போன பிறகும் அவள் நின்றாள். நாங்கள் வேலிக்குப் பின்னால் காத்திருந்தோம். விதி என் மனைவிக்கும் விதிதான். அவள் படலையைத் தாண்டியதும் நான் கேட்டேன்.

"இவ்வளவு காலமும் தெரிஞ்சுகொண்டு ஏன் சொல்லாம இருந்தனீங்கள்? எத்தினை வருசம் ரெண்டு கல்லுக்கு நடுவில நிண்டவ."

ஹல்வோர் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

"எனக்குத் தெரியாது சிவா."

"என்ன தெரியாது?"

"எந்தப் பெட்டியெண்டு. அப்பாவிட்டைக் கேட்டனான், சாகப்போற நேரம். அவருக்கே நினைவில்லை. எத்தினை பிள்ளையளை அப்பிடி வைச்சிருப்பார் எண்டு நினைக்கிறீர்?"

"அப்ப இடது கைப்பக்கம் எண்டது?"

"ஏதோ ஒரு பக்கம் வேணும்தானே."

மண்ணைத் தள்ளத் தொடங்கினார். குழியை மூடினோம். சுருட்டி வைத்த புல்லில் பனி பிடித்திருந்தது, வசந்தத்தில் விரிக்கலாம் என்று விட்டோம். அவர் சில மாதங்களில் ஓய்வுபெற்றார். இப்போது அவரும் அதே சவக்காலையில்தான் இருக்கிறார். அவருக்குக் கொப்பு செருகியது நான். அன்று நானும் உள்ளே கழுத்துப் பட்டி கட்டியிருந்தேன்.

ஆஸ்த்ரித்தை அடக்கம் செய்த அன்று வீட்டுக்கு வந்து மாலாவிடம் உள்ளதைச் சொன்னேன். ஹல்வோரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அரிசி கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"நல்ல மனுசன்" என்றாள்.

"பொய்யல்லோ சொன்னவர்?"

"ஓம்." தண்ணீரை வடித்தாள். "எனக்கு ஆர் இருக்கினம் அப்பிடிப் பொய் சொல்ல? நீங்கள் ஒருநாள் எண்டாலும், இஞ்சைதான் மாலா எண்டு ஒரு இடத்தைக் காட்டினனீங்களே? அங்கை நான் இல்லை, எனக்கென்ன தெரியும் எண்டு இருந்திட்டியள்."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பிள்ளைகள் பள்ளியால் வந்துவிட்டார்கள், பேச்சு அதோடு நின்றது. அவள் கேட்டது பல வருடம் எனக்குள் அப்படியே கிடந்தது.

போர் முடிந்து பாதை திறந்த பிறகு ஊருக்குப் போனோம். யாரும் கேட்காமலே வாகனத்தைத் தென்மராட்சிப் பக்கம் திருப்பச் சொன்னேன். அந்தப் பள்ளிக்கூடம் புதுக் கூரையோடு நின்றது. பின்னால் வெறுங்காணி, ஓரத்தில் சில பூவரச மரங்கள். மாலா வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் காணிக்குள் இறங்கி நடந்தேன். எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியாது. ஒரு பூவரசுக்குக் கீழே, நிழல் நன்றாக விழுகிற இடத்தில் நின்றேன்.

"இஞ்சைதான் மாலா" என்றேன். "வேர்ப்பக்கமா. உன்ர அண்ணை வெள்ளைச் சீலையில சுத்தித்தான் வைச்சவர்."

மாலா மெதுவாக நடந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்த நாளில் நான் பனிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவன் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

"ஓம்" என்றாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்த வேரடியில் இருந்தாள். நான் தள்ளிப் போய் வேலியோரம் நின்றுகொண்டேன்.